பிணத்தின் கையில் ஒரு கத்தி

அயர்லாந்தின் பழங்கதை என்றதும் தேவதைகளையும் மாயக் குளங்களையும் எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இன்று நான் சொல்லப் போவது பங்காளிச் சண்டை.

ஊகனே மோர் என்ற அரசனின் மகன்கள் இருவர். லோய்கரே லோர்க் நாட்டுக்கே அரசன். கோவ்தாக்குக்கு ப்ரேகா சமவெளி மட்டும். பொறாமையில் சாப்பாடு இறங்காமல் அவன் மெலிந்துபோனான். 'ப்ரேகாவின் ஒல்லி' என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. கடைசியில், தான் செத்துவிட்டதாகச் செய்தி அனுப்பிவிட்டுப் பிணம்போலத் தேரில் கிடந்தான், கையில் கத்தியோடு. லோய்கரே ஓடிவந்தான். கூடப் பிறந்தவன் மேல் விழுந்து அழுதான். கத்தி அவன் முதுகில் இறங்கியது. போர்க்களத்தில் வெட்டியிருந்தால்கூட மனது ஆறும். இழவுக்கு வந்தவனைக் கொன்றதைத்தான் கேட்டவர்கள் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் அங்கே மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற கட்டாயம் இருக்கவில்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த ஆண்கள் எல்லோரும் அரியணைக்கு உரியவர்கள். அந்த வட்டத்துக்கு 'டெர்வினே' என்று பெயர். நம் 'பங்காளி' என்ற சொல்லை விடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

12ஆம் நூற்றாண்டின் 'லென்ஸ்டர் நூல்' என்ற கையெழுத்துச் சுவடியில் இந்தக் கதை இருக்கிறது. அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசர்கள் தங்களைக் கொல்லப்பட்ட லோய்கரேயின் வாரிசு என்றார்கள். அவர்களுடைய வடக்கத்தி எதிரிகளான ஈ நேல் வம்சத்தார் கொன்றவனின் வழி. ஆக, இது வெறும் கதையல்ல, உரிமைக்கான மூலப்பத்திரம்.

லோய்கரேயின் மகனையும் கோவ்தாக் கொன்றான். பேரன் மோயன் ஊமை. ஒருநாள் ஹர்லிங் என்ற மட்டைப்பந்து விளையாட்டில் காலில் அடிபட்டு அவன் கத்த, 'மோயன் பேசுகிறான்' என்று பையன்கள் கூவினார்கள். ஐரிஷ் மொழியில் 'லவ்ரித்' என்றால் 'பேசுகிறான்', அதுவே பெயராயிற்று. அப்புறம் லவ்ரித்தின் நாடுகடத்தல், திரும்பி வருதல், பெரியப்பனுக்கோ சித்தப்பனுக்கோ செய்வதுபோல கோவ்தாக்குக்கு அவன் வைத்த ஒரு சமாதான விருந்து.

விருந்து மண்டபம் பாரோ ஆற்றங்கரையில், டின் ரீ கோட்டையில். முழுக்க இரும்பு. கோவ்தாக் சந்தேகப்பட்டான்: லவ்ரித்தின் தாயும் விகடகவியும் முன்னே போனால்தான் நான் நுழைவேன் என்றான். இருவரும் தெரிந்தே போனார்கள். கோவ்தாக்கும் 30 அரசர்களும் உட்கார்ந்தபின் கதவு சங்கிலியால் இறுகியது. வெளியே துருத்திகள் ஊதத் தொடங்கின. தாய் உள்ளேதான் இருந்தாள்.