விருந்தினர் அறை

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறில் தொடங்குவதால் சில ஆண்டுகளில் நமக்கு முழுதாக 28 நாள் கிடைக்கும். சில ஆண்டுகளில் 22 நாள்தான். எத்தனை நாள் கிடைத்தாலும் எனக்கு அது ஓடியே போய்விடும். கடவுளுக்கு இடம் ஒதுக்குவது பற்றிப் பேச என்னை அழைத்தபோது, தகுதி இருந்து நான் வரவில்லை. இடம் இல்லாமல் தவித்தவள் என்பதால் வந்தேன்.

லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில், மரியாவும் யோசேப்பும் பெத்லகேமுக்கு வந்ததைச் சொல்லும் இடத்தில் வரும் அந்த வரி நம் எல்லோருக்கும் தெரியும்: விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சிறு வயதிலிருந்து கிறிஸ்துமஸ் நாடகங்களைப் பார்த்துப் பார்த்து, கதவை முகத்தில் சாத்தும் விடுதிக்காரர் ஒருவர் நம் மனத்தில் உட்கார்ந்துவிட்டார். நற்செய்தியில் அப்படி ஓர் ஆளே கிடையாது. அது மட்டுமா? அங்கே லூக்கா எழுதியிருக்கும் கிரேக்கச் சொல் கட்டாலுமா. இதே சொல்லை 22-ஆம் அதிகாரத்தில், இயேசு சீடர்களோடு கடைசி இரவு உணவு உண்ட வீட்டு அறைக்கும் எழுதுகிறார். காயம்பட்டவரை நல்ல சமாரியர் கொண்டுபோய்ச் சேர்த்தாரே, அந்தச் சத்திரத்துக்கு வேறு சொல். அதனால் பெத்லகேமில் நிரம்பிக் கிடந்தது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் யாரும் விரட்டவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வந்த சொந்தக்காரர்கள், அவர்களுடைய மூட்டை முடிச்சு, பிள்ளை குட்டிகள். எல்லோரும் இருக்க வேண்டியவர்கள்தான். அறை நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். இதை முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் அறையும் கெட்ட விஷயங்களால் நிரம்பியிருக்கவில்லையே!

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, லூக்கா 21-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். உள்ளம் எதனால் மந்தமாகும் என்று இயேசு அங்கே சொல்கிறார். களியாட்டம், குடிவெறி, அடுத்து வாழ்க்கைக் கவலைகள். குடிவெறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கவலையை வைக்கிறார்! முதல் இரண்டும் வரும்போது நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்றாவதில் மாட்டிக்கொள்வேன்.

போன ஆண்டு திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை. எங்கள் பாடற்குழுவின் வாட்ஸ்அப்பில் கிறிஸ்து பிறப்பு இரவுக்கான பாடல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கோவில் வேலைதானே, தப்பு ஒன்றும் இல்லை. அப்பா வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கிறார் என்று ஓரக்கண்ணில் தெரிந்தது. "ஒரு நிமிஷம்ப்பா" என்றேன், தலையைத் தூக்காமலே. தூக்கியபோது வாசல் காலியாக இருந்தது. எழுந்து போய்க் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒண்ணுமில்லம்மா, என்னமோ சொல்ல வந்தேன். மறந்துபோச்சு" என்றார்.

அன்று இரவு செபிக்க உட்கார்ந்தால் செபமே வரவில்லை. கடவுளும் என் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இப்படி எத்தனை முறை நின்றுவிட்டுப் போனாரோ என்ற எண்ணம்தான் வந்தது.

மறுநாளிலிருந்து ஒன்றே ஒன்று செய்தேன். இரவு உணவுக்கு முன் இருபது நிமிடம், கைபேசியை அணைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். முதல் மூன்று நாள் கை தானாகவே மேசையைத் தடவியது. சரி, பழக்கம் விட்டுவிட்டால் அமைதி வந்துவிடும் என்று காத்திருந்தேன். நான்காம் நாள் வந்தது அமைதி இல்லை, அக்கா. இரண்டு ஆண்டாக என்னோடு பேசாத அக்கா. இத்தனை நாளும் அந்த வலியின் மேல்தான் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கவனச்சிதறல் என்று நாம் சொல்வதில் பாதி, எதையோ பார்க்கப் பயந்து செய்வது. 'ஆண்டவரே, வாரும்' என்று சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றித்தான் அவரோடு பேச வேண்டியிருந்தது.

டிசம்பர் 17-லிருந்து மாலைச் செபத்தில் ஏழு நாளும் ஏழு பழைய அழைப்புகள் வரும். 'ஓ ஞானமே' என்பது முதலாவது. ஒவ்வொன்றிலும் 'வாரும்' என்ற சொல் உண்டு. அந்த வாரத்தில்தான் அக்காவுக்கு போன் செய்தேன். இரண்டாம் முறை எடுத்தார். அதிகம் பேசவில்லை. எடுத்தார்.

இப்படி இடம் ஒதுக்குவதைத் திருச்சபை நமக்கு முன்னால் செய்துகாட்டுவதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ஞாயிறுதோறும் பாடும் 'உன்னதங்களிலே கடவுளுக்கு மாட்சிமை' என்ற வானவர் கீதத்தைத் தவக்காலத்தில் நிறுத்திவைப்பது போலவே, இந்த நான்கு ஞாயிறுகளிலும் பாடுவதில்லை. பாடற்குழுவில் இருப்பதால் எனக்கு அந்த வெறுமை நன்றாகத் தெரியும். வழக்கமாக அந்தப் பாடல் வரும் இடத்தில் ஒரு கணம் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டுவோம். அது பாவமான பாடலா? மிக நல்ல பாடல். நல்லதையே சற்று ஒதுக்கிவைத்துக் காத்திருந்தால், பிறப்பு விழா இரவில் மணியோசையோடு அது திரும்பி எழும்போது இடையர்கள் கேட்டது போலவே கேட்கும்.

திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியாவையும் நினைத்துக்கொள்வேன். அவர் குரு. கோவிலுக்குள், தூபம் காட்டும் நேரத்தில், வானதூதரே எதிரில் நின்று பேசியும் அவர் காதில் ஏறவில்லை. மகன் பிறந்து பெயரிடும் நாள்வரை பேச்சில்லாமல் இருந்தார். நாவு கட்டவிழ்ந்ததும் வந்த பாடலை இன்றும் திருச்சபை நாள்தோறும் காலைச் செபத்தில் சொல்கிறது. நெடு மாதங்களின் மௌனத்தில் ஊறிவந்த பாடல் அது.

இந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவதை எங்கள் வீட்டில் அப்பா ஏற்றினார். வாசகம் முடிந்தது. "சொல்லுங்கப்பா" என்றேன். என்னைப் பார்த்தார். கைபேசி எங்கே என்று தேடுபவர் போல மேசையையும் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நன்றி, வணக்கம்.