ஆறில் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

டகோட்டா விமானத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1947 அக்டோபரில் ஸ்ரீநகரில் நம் சிப்பாய்களைக் கொண்டுபோய் இறக்கியது அதுதான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அதே ரக விமானங்கள் சொந்தப் படையின் குண்டுக்கே இரையான ஓர் இரவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1943 ஜூலை 11. இரண்டாம் உலகப் போர். இத்தாலியின் சிசிலித் தீவில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் கரையிறங்கி ஒரு நாள்தான் ஆகிறது. தென்கரையில் கெலா என்ற ஊர். அங்கே அமெரிக்கத் தளபதி பேட்டனுக்கு அவசரமாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். துனிசியாவிலிருந்து 144 விமானங்களில் ஏறத்தாழ 2,000 பாராசூட் வீரர்களை அன்றிரவே வரவழைப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் குதிக்க வேண்டிய இடம் எதிரியின் பகுதிகூட அல்ல. ஏற்கெனவே அமெரிக்கர் கைக்கு வந்துவிட்ட ஃபரேல்லோ விமானத்தளம். கேட்பவர்களுக்கு, வீட்டு வாசலில் வந்து இறங்குவதுபோலத்தான் தோன்றும்.

சிக்கல் அந்த வாசலுக்கு வரும் வழியில் இருந்தது. தங்கள் கப்பல்கள் நிற்கும் கரையை ஒட்டி, தங்கள் தரைப்படையின் தலைக்கு மேலேயே பல மைல் தூரம் பறந்து வரவேண்டும். டகோட்டாவில் துப்பாக்கி கிடையாது, கவசம் கிடையாது. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்கியும் கிடையாது. ஆட்கள் குதிக்க வேண்டுமென்றால் தாழப் பறக்க வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். கீழே இருந்து சுடுகிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

இந்த வீரர்களின் 82-ஆவது பாராசூட் டிவிஷனுக்குத் தளபதியான ரிட்ஜ்வே இதை முன்பே உணர்ந்திருந்தார். எங்கள் விமானங்களைச் சுடமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள் என்று கடற்படையிடம் பல நாள் மன்றாடினார். கடைசிக் கட்டப் பயணம் தரைக்கு மேலேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புதல் வந்தது. ஜூலை 11 காலையில் பேட்டனும் தன் டிவிஷன்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்: இன்றிரவு நம் ஆட்கள் வருகிறார்கள், பீரங்கிக்காரர்களிடம் சொல்லிவையுங்கள்.

ரிட்ஜ்வேக்கு அப்போதும் மனம் கேட்கவில்லை. தானே நேரில் போய் ஆறு விமான எதிர்ப்பு பீரங்கி அணிகளிடம் விசாரித்தார். ஐந்து அணிகளுக்குச் செய்தி தெரிந்திருந்தது. ஆறாவது அணிக்குத் தெரியாது. பீரங்கிப் படை அதிகாரி ஒருவரிடம் சொன்னபோது, பிற்பகல் ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் பேசிவிடுகிறோம் என்று பதில் வந்தது. அலுவலகங்களில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இருக்காது.

அன்று முழுக்க ஜெர்மன் விமானங்கள் வந்து அடித்துக்கொண்டே இருந்தன. மாலையில் ராபர்ட் ரோவன் என்ற வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சிதறியது. இரவு பத்து மணி வாக்கில் இன்னொரு பெரிய தாக்குதல். பீரங்கிக்காரர்களின் கை விசையிலேயே இருந்தது. பேட்டனும் எட்டு மணிக்கே பயந்துபோய் பயணத்தை நிறுத்தப் பார்த்தார். வயர்லெஸ் தொடர்பு கிடைக்கவில்லை.

10.40-க்கு முதல் வரிசை விமானங்கள் வந்தன. ஆட்கள் பத்திரமாகக் குதித்தார்கள். அடுத்த வரிசை நெருங்கும்போது எங்கோ ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தது. அவ்வளவுதான். பக்கத்திலிருந்தவன் சுட்டான், அவனைப் பார்த்து அடுத்தவன் சுட்டான், கப்பல்களும் சேர்ந்துகொண்டன. செய்தி தெரிந்த அணிகள்கூடச் சுட்டன என்றுதான் நான் நினைக்கிறேன். சுற்றிலும் எல்லாரும் சுடும்போது, காலையில் வந்த காகிதம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலும் குண்டு பாய்ந்தது. ரெஜிமென்ட் தலைவர் கர்னல் டக்கரின் விமானம் சல்லடையாகிவிட்டது. அவர் குதித்து, தரையைத் தொட்டதும் செய்த முதல் காரியம், அருகே வானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்த தங்கள் டாங்கிக்காரர்களிடம் ஓடி, நிறுத்தச் சொன்னதுதான்.

23 விமானங்கள் விழுந்தன. 37 மோசமாகச் சேதமடைந்தன. எட்டு விமானங்கள் ஆட்களை இறக்காமலே துனிசியாவுக்குத் திரும்பின. வீரர்களும் விமானிகளுமாகச் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் 300 பேருக்கு மேல். டிவிஷனின் துணைத் தளபதி கீரன்ஸ் சென்ற விமானமும் விழுந்தது.

அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் கொதித்துப்போய் விசாரணைக்கு உத்தரவிட்டார். சுட்டவன் இன்னார் என்று கடைசிவரை யாரையும் கைகாட்ட முடியவில்லை.

1944 ஜூன் மாதம் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கப் புறப்பட்டபோது இந்த அடி நினைவில் இருந்தது. நம் விமானம்தான் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிவதற்காக, இறக்கைகளிலும் வால்பக்கத்திலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என்று பட்டைபட்டையாகப் பெயிண்ட் அடித்தார்கள். நேரமில்லை, தூரிகையும் துடைப்பமும் கையுமாக, கோணலும் மாணலுமாக இழுத்தார்கள். தங்கள் கப்பல்களின் தலைக்கு மேலே போகாதபடி அமெரிக்க பாராசூட் விமானங்களை மேற்கே சுற்றி அனுப்பினார்கள்.

ஜூன் 6 இரவு, பிரிட்டிஷ் பாராசூட் டிவிஷனுக்குத் தளவாடம் ஏற்றிக்கொண்டு 50 டகோட்டாக்கள் கிளம்பின. இந்த முறை வழி கப்பல்களுக்கு மேலேதான். பட்டைகள் இருந்தன, ஆனால் கும்மிருட்டு. கடற்படை சுட்டது. விமானங்கள் சிதறின, போட்ட சாமான்களில் சிறு பங்குதான் கீழே இருந்தவர்கள் கைக்குக் கிடைத்தது.

வணக்கம்.