புதிய பூனையும் வீட்டுப் பூனைகளும்

கோவை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எனத் தமிழ் பேசும் ஊர்களில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம் கறவை மாட்டைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள், பேச்சு முடிந்து எழும்போது, வீட்டுப் பூனையைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. “இன்னொரு பூனை கொண்டு வந்திருக்கோங்க டாக்டரம்மா. ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானா ராசியாயிரும்னு சொல்றாங்க, நெசமாங்க?” என்பதே அவர்களுள் பலர் கேட்கும் கேள்வி.

அது உண்மையன்று. நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடித் தனியாக உண்ட விலங்கு. கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழிவந்த நாய்க்குச் சண்டைக்குப் பின் சமாதானம் பேசத் தெரியும்; பூனைக்கு அந்தப் பழக்கம் மிகக் குறைவு. தாயும் மகள்களும் ஒரே களத்துமேட்டில் சேர்ந்து வாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கூட்டமே வெளியிலிருந்து வரும் பூனையை விரட்டிவிடும். ஆகவே முதல் சந்திப்பே சண்டையாகிவிட்டால், அந்தப் பகை நாளடைவில் கரைவதில்லை, பெரும்பாலும் ஊன்றிவிடுகிறது.

பூனை தன் வீட்டாரை முகத்தைவிட வாசனையால்தான் அறிகிறது. கன்னம், மோவாய், நெற்றி, வாலின் அடி, பாதம் ஆகிய இடங்களிலுள்ள சுரப்பிகளைத் தூணிலும் கதவிலும் நம் காலிலும் உரசி, வீடு முழுவதற்கும் பொதுவான ஒரு வாசனையை அது உண்டாக்கி வைக்கிறது. மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் பூனையைப் பார்த்துக் கூடப் பிறந்த பூனையே சீறுவதற்குக் காரணம், அதன் மேலிருந்த வீட்டு வாசனை மாறிப்போயிருப்பதுதான். எனவே புதிய பூனையை முதலில் வாசனையாக வீட்டுக்குள் விட வேண்டும். உருவமாகக் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டும்.

அதற்கு முன் நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிதாக வரும் பூனையை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். பூனைக் குட்டிகளை வாந்தியாலும் கழிச்சலாலும் ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும் பார்வோ வகை வைரஸ், வீட்டுத் தரையிலும் சாக்கிலும் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். அண்மையில் அப்படிக் குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவரவே கூடாது. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசியும், பிறகு 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை அடுத்தடுத்த ஊசிகளும் போட வேண்டும். அறையைக் கழுவ நம் வீடுகளில் கை தானாகவே பினாயிலைத் தேடிப் போகிறது. பூனைக்கு அது நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கியே வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். அதே போல, நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனை மேல் தடவாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

தனி அறை என்று சொன்னேன். நம் பக்கத்து ஓட்டு வீடுகள் பலவற்றில் உள்சுவர் கூரை வரை எட்டுவதில்லை. கதவைப் பூட்டினாலும் பூனை சுவர்மேல் ஏறி அடுத்த அறையில் இறங்கிவிடும். ஆதலால் மச்சு போட்ட அறையையோ தளம் போட்ட அறையையோ தேர்ந்தெடுங்கள். நடுக்கூடத்தில் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் புதிய பூனையை அடைத்து, ‘பார்த்துப் பழகட்டும்’ என்று விடுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத வழக்கம். ஒளிய இடமில்லாத பூனை பழகாது, அஞ்சும். அறைக்குள் கவிழ்த்த அட்டைப்பெட்டி ஒன்று, தண்ணீர், மலங்கழிக்க ஒரு தாழ்வான பேசின் இருந்தால் போதும். பேசினில் மணலுக்குப் பதிலாகப் பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூளைப் போடலாம்.

புதிய பூனை அந்த அறையில் பயமின்றி உண்ணத் தொடங்கியதும், பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து அதன் கன்னத்தில் மெல்லத் தேய்த்து, வீட்டுப் பூனை நடமாடும் இடத்தில் போட்டுவிட்டு, எட்ட நின்று பாருங்கள். அது கழுத்தை நீட்டி முகரும். மேலுதட்டைச் சற்றே உயர்த்தி, வாயைப் பாதி திறந்தபடி ஒரு கணம் அசையாமல் நிற்கும். கோபமன்று அது, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் இன்னொரு முகர்வு உறுப்புக்கு வாசனையை அனுப்புகிறது. பிறகு சீறலாம், சும்மா போய்விடலாம். சீறினால் துணியை இன்னும் எட்டப் போட்டு, அதனருகே ஒரு துண்டு மத்தி மீன் வையுங்கள். வீட்டுப் பூனை அந்தத் துணிமேலேயே படுத்துவிட்டதென்றால் பாதிக் காரியம் முடிந்தது. அதேபோல வீட்டுப் பூனையின் வாசனையைப் புதிய பூனைக்கும் கொடுங்கள். அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் சோற்றுத் தட்டை வைத்து, நாளுக்கு நாள் கதவை நோக்கி நகர்த்துங்கள். பிறகு சிறிது நேரம் பூனைகளை அறை மாற்றி விடுங்கள்.

நேரில் காட்டும் நாளில் இடையில் ஒரு கம்பிவலை இருக்கட்டும், கொசுவலை தாங்காது. இருவருக்கும் தீனி கொடுத்து, தின்று முடிக்கும் முன்பே பிரித்துவிடுங்கள். சீறுவதைக் கண்டு அதட்டாதீர்கள். ‘கிட்டே வராதே’ என்று சொல்லிச் சண்டையைத் தவிர்க்கவே பூனை சீறுகிறது. நான் அஞ்சுவது சத்தமில்லாத முறைப்புக்குத்தான். ஒன்று கண்ணிமைக்காமல் பார்க்க, மற்றது உடலைக் குறுக்கினால், நடுவே ஓர் அட்டையை நீட்டி மறையுங்கள், கையை நுழைக்காதீர்கள். பேசின் இருக்கும் வழியை மறித்துப் படுப்பதும் சண்டைதான். அதனால் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பேசின் கூடுதலாக, வெவ்வேறு மூலைகளில் இருக்க வேண்டும்.

கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் இவ்வளவு பாடுபட்டும் பலன் குறைவு. அறுவைக்குப் பிறகும் அதன் முரட்டுத்தனம் அடங்கச் சில வாரம் ஆகும்.

சில வீடுகளில் சில வாரங்களில் பழகிவிடும். சிலவற்றில் மாதங்கள் ஆகும். சில பூனைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளுமே தவிர ஒட்டி உறங்காது. அதுவும் போதும். இந்த நாட்களில் எந்தப் பூனையாவது ஒரு நாளுக்கு மேல் உண்ணாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை பேசினில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மனக்கலக்கத்தால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல், எந்த நேரமானாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.