இவருக்குப் பதில் இவர்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். ஒரு கதாபாத்திரத்தில் ஒருவரைப் பார்த்துப் பழகி, அவரையே அந்தப் பாத்திரமாக மனத்தில் இருத்திக்கொண்ட பிறகு, அதே இடத்தில் வேறொருவர் வந்து நிற்பதை நாம் எப்போது ஏற்றுக்கொள்கிறோம், எப்போது ஏற்க மறுக்கிறோம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சென்னையின் சபா நாடகங்களையும் திரைப்படங்களையும் நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. புதிதாக வந்தவர் பழையவரைப் போல இருக்கிறாரா என்பது இரண்டாம்பட்சம். சுற்றி நிற்பவர்கள் பழையவரை நடத்திய விதமாகவே இவரையும் நடத்துகிறார்களா என்பதே முதன்மையானது.

தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் எந்த வீட்டிலும் இதைக் காணலாம். திடீரென்று ஒருநாள் திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்ற வரி சில நொடிகள் தோன்றி மறைகிறது. திருவல்லிக்கேணியில் இருந்த என் பெரியம்மா அந்த வரியைப் பார்த்தவுடன், "இவன் யாரு, புதுசா இருக்கானே" என்று முகம் சுளிப்பார். அடுத்த காட்சியில் தொடரின் மாமியார், புது மருமகனின் இலையில் வழக்கம்போல இரண்டாவது கரண்டி சாம்பாரை ஊற்றி, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்பார். அந்த அம்மாளின் குரலிலோ கையிலோ எந்தத் தயக்கமும் இராது. வார இறுதிக்குள் பெரியம்மாவும் அவரை மாப்பிள்ளை என்றே சொல்லத் தொடங்கிவிடுவார். இதில் வானொலி நேயர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சில தொடர்களில் முகம் மாறினாலும் பின்னணிக் குரல் கொடுப்பவர் மாறுவதில்லை. கண்ணுக்குப் புதியவராக இருப்பவர் காதுக்குப் பழையவராக இருப்பதால், சமையலறையிலிருந்து வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்மணிக்கு மாற்றம் நடந்ததே தெரிவதில்லை.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, ஏ.பி.நாகராஜன் இயக்கிய இரண்டு படங்கள். 1965-இல் 'திருவிளையாடல்' வந்தது. அதில் சிவபெருமானாகத் தோன்றியவர் சிவாஜி கணேசன். தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்த சிவன், விறகு சுமந்த சிவன், மீனவராக வந்த சிவன் என்று தமிழ்நாடே அவர் வழியாகச் சிவனைக் கண்டது. திருமண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் அந்த வசனங்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் இந்த உரையைக் கேட்பவர்களிலும் பலர் இருப்பீர்கள். அப்படி ஒரு முகம் பதிந்த பிறகு, இரண்டே ஆண்டுகளில், 1967-இல், அதே இயக்குநர் 'கந்தன் கருணை'யை எடுத்தார். அதில் சிவன் ஜெமினி கணேசன். சிவாஜி கணேசனும் அதே படத்தில் இருந்தார். ஆனால் முருகனின் படைத்தளபதி வீரபாகுவாக இருந்தார். நேற்றுவரை சிவனாக இருந்தவர் இன்று சிவனின் மகனுக்குத் தளபதியாக வருகிறார், சிவனாக இன்னொருவர் அமர்ந்திருக்கிறார். குழப்பம் வருவதற்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேண்டுமா?

இருந்தும் கதையைப் பின்தொடர்வதில் நமக்குத் தடுமாற்றம் வருவதில்லை. காரணத்தைத் தேடி அந்த இரண்டு படங்களையும் மீண்டும் மீண்டும் பார்த்தபோது, சுற்றி நின்றவர்களே எனக்குத் தென்பட்டார்கள். முதல் படத்தில் பார்வதியாக இருந்த சாவித்திரியே இரண்டாம் படத்திலும் பார்வதி. தேவி மாறாதபோது அருகில் அமர்ந்திருப்பவர் பெருமான்தான் என்பதில் ஐயமேது? சாவித்திரியும் ஜெமினி கணேசனும் எத்தனையோ படங்களில் இணையாக நடித்தவர்கள் என்பதும் கைகொடுத்தது. அடுத்து ஒளவையார். 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஒளவையார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஒளவையாக வந்தார். 'திருவிளையாடல்' படத்தில் "பழம் நீயப்பா" என்று முருகனைப் பாடி அழைத்தவரும் அவரே. 'கந்தன் கருணை'யிலும் ஒளவை அவரே. சிவனை மாற்றத் துணிந்த இயக்குநர் ஒளவையை மாற்றத் துணியவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் குரல் ஒலித்தால் ஒளவை வந்துவிட்டாள். ஒளவை யாரை வணங்குகிறாளோ அவரே தெய்வம். நக்கீரர்கூட மாறினார், முதல் படத்தில் ஏ.பி.நாகராஜனே ஏற்ற அந்த வேடத்தை அடுத்த படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் ஏற்றார். அதையும் நாம் ஏற்றுக்கொண்டோம், ஏனென்றால் அசையாத தூண்கள் சில அந்த மண்டபத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன.

இது சினிமா கண்டுபிடித்த வழியன்று. சென்னைக்கு வெளியே காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு குழுவில் துரியோதனன் கட்டியவர் மெலிந்தவராக இருப்பார், இன்னொரு குழுவில் ஆறடி உயரமாக இருப்பார். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன் வருகையைப் பாட, கூத்தில் வேடங்களை அறிமுகப்படுத்தும் கட்டியக்காரன் யாரென்று வினவி, வந்திருப்பவர் அரசர் என்று அறிந்தவுடன் அதற்குரிய பணிவோடு நின்றுவிடுகிறான். அவன் பணிந்த கணத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்தவர் துரியோதன மகாராஜா ஆகிவிடுகிறார்.

ஆங்கிலப் படங்களிலும் இதே செய்திதான். அண்ணா சாலைத் திரையரங்குகளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1962-இல் ஷான் கானரி, 1969-இல் ஜார்ஜ் லேசன்பி, 1971-இல் மீண்டும் கானரி, 1973-இல் ராஜர் மூர் என்று நாயகர் மாறிக்கொண்டே இருந்தார். ஆனால் அவருக்கு ஆணையிடும் மேலதிகாரியாக 1979 வரை பெர்னார்ட் லீயும், அலுவலக வாசலில் அமர்ந்த மணிபென்னியாக 1985 வரை லோயிஸ் மேக்ஸ்வெல்லும் மாறாமல் இருந்தார்கள். பிற்காலத்தில் பியர்ஸ் பிராஸ்னன் போய் டேனியல் கிரெய்க் வந்து, 2006-இல் கதையையே முதலிலிருந்து தொடங்கியபோதும், மேலதிகாரியாக ஜூடி டெஞ்ச் நீடித்தார். அவர் கண்டித்த தோரணையில்தான் புதியவர் பாண்ட் ஆனார். ராஜர் மூர் கானரியைப் போல நடிக்க முயலவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் தம் இயல்புக்கேற்ற மென்மையான நகைச்சுவையோடு நடித்தார். பழையவரின் நடையையும் சிரிப்பையும் பிரதி எடுக்கும்படி புதியவரை வற்புறுத்துவது அவருக்குச் செய்யும் அநீதி என்பது என் எண்ணம். பிரதி எடுக்கும்போது நாம் வேறுபாட்டைத்தான் தேடுவோம்.

ஒரு படத்தையே புதிதாக எடுப்பது வேறு கணக்கு. 1980-இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா'வை 2007-இல் அஜித் குமார் நடிக்க மறுபடி எடுத்தபோது எல்லாரும் மாறினார்கள். ஆனால் "மை நேம் இஸ் பில்லா" என்ற பழைய பாட்டைப் புது மெட்டலங்காரத்தோடு உடன் அழைத்து வந்தார்கள். அங்கே தூணாக நின்றது அந்தப் பாட்டு. ஓடிக்கொண்டிருக்கும் கதையின் நடுவில் நாயகன், அவன் தாய், குடியிருந்த வீடு என அனைத்தையும் ஒரே வாரத்தில் மாற்றும்போதுதான் பார்ப்பவருக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போகிறது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். கணினியால் உருவாக்கும் முகங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடியும். 2021-இல் மறைந்த நெடுமுடி வேணு, 2024-இல் வெளியான 'இந்தியன் 2' படத்தில் தொழில்நுட்பத்தின் துணையோடு தோன்றினார். அந்தப் பெருங்கலைஞர் மீதுள்ள அன்பால் செய்தது அது என்பதை நான் மதிக்கிறேன். ஆயினும் படப்பிடிப்புத் தளத்தில் சக நடிகர்கள் யாருடைய கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள் என்பதே என் கவலை. அங்கே ஒருவர் நின்றாக வேண்டும். அப்படி நிற்பவர் நடிகராக இருந்தால், அவர் முகத்தை மறைக்காமல், 'இவருக்குப் பதில் இவர்' என்று பெயரைப் போட்டு, வேடத்தை அவரிடமே கொடுத்துவிடலாம் என்பதே என் விருப்பம். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.