ஃபேக்ஸில் உடைந்த பேண்ட்! பிக்ஸீஸ் கதை

பேண்ட் கலைந்துவிட்டது என்பதை ஒரு பாடகர் முதலில் யாரிடம் சொல்லுவார்? கூட வாசித்தவர்களிடம்தானே? பிக்ஸீஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டின் பாடகர் பிளாக் பிரான்சிஸ் அப்படிச் செய்யவில்லை. 1993 ஜனவரியில் பிபிசி வானொலிப் பேட்டியில் உலகத்துக்கே சொல்லிவிட்டார். கிட்டார் வாசித்த ஜோயி சாண்டியாகோவுக்கு ஒரு போன். பேஸ் வாசித்த கிம் டீலுக்கும், டிரம்ஸ் வாசித்த டேவிட் லவரிங்குக்கும் ஃபேக்ஸ். ஆமாம், ஃபேக்ஸ்!

இதே நாலு பேர் 11 வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, முன்பைவிடப் பெரிய கூட்டம் காத்திருந்தது. இடையில் புது ஆல்பம் ஒன்றுகூட இல்லை. எப்படி?

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். பாஸ்டன், 1986. பிரான்சிஸும் சாண்டியாகோவும் கல்லூரியிலிருந்தே நண்பர்கள். பேஸ் வாசிக்க ஆள் தேடி விளம்பரம் கொடுக்கிறார்கள்: 'ஹஸ்கர் டூ'வும் பிடிக்க வேண்டும், 'பீட்டர், பால் அண்ட் மேரி'யும் பிடிக்க வேண்டும். ஒன்று காதைக் கிழிக்கும் பங்க், இன்னொன்று மென்மையான ஃபோக். வந்தது கிம் டீல் ஒருவர்தான். அவரிடம் சொந்தமாக பேஸ் கிட்டாரே கிடையாது!

அந்த விளம்பரத்தை மறந்துவிடாதீர்கள். பிக்ஸீஸின் இசை முழுக்க அதில் இருக்கிறது.

1989-ல் வந்த 'டூலிட்டில்' ஆல்பத்தில் 'டேம்' என்று ஒரு பாட்டு. இரண்டு நிமிடம்கூட ஓடாது. முதலில் பேஸும் டிரம்ஸும் மட்டும். பிரான்சிஸ் கிசுகிசுக்கிறார். நீங்களே வால்யூமைக் கூட்டுவீர்கள். அடுத்த நொடி, தொண்டை கிழியும் அலறல், கிட்டார் மொத்தமும் மேலே வந்து விழும். லட்சுமி வெடிக்குத் திரி கொளுத்திவிட்டு ஒதுங்கி நிற்போமே, அந்த இரண்டு நொடி படபடப்பு, அதைத்தான் இவர்கள் பாட்டுக்குள் வைத்தார்கள். அப்புறம் திரும்பவும் அமைதி. இப்போது அந்த அமைதியே பயமுறுத்தும், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டதே! சத்தம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அதற்கு முன்னால் இருந்த அமைதி. பின்னால் கிம் டீலின் பேஸ் பதறாமல் போய்க்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டு நிற்காது என்பேன்.

இதைக் கூர்ந்து கேட்டவர்களில் ஒருவர் நிர்வாணா பேண்டின் பாடகர் கர்ட் கோபேன். நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' எழுதும்போது பிக்ஸீஸைத்தான் காப்பியடிக்கப் பார்த்தேன் என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகையிடம் அவரே சொன்னார். பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினியையே தன் 'இன் யூட்டெரோ' ஆல்பத்துக்கும் அழைத்தார். நிர்வாணா உலகம் முழுக்க ஒலித்த நேரத்தில், பிக்ஸீஸ் யு2 பேண்டின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

ஏன் பிரிந்தார்கள்? 'ஜைஜான்டிக்' போன்ற பாட்டைத் தந்த கிம் டீலுக்கு, பிந்தைய ஆல்பங்களில் எழுத இடமே இல்லாமல் போனது. அவர் 'பிரீடர்ஸ்' பேண்டோடு போய் 1993-லேயே 'கேனன்பால்' பாட்டில் ஜெயித்தார். லவரிங் மேஜிக் நிகழ்ச்சி நடத்தினார்!

1999-ல் 'ஃபைட் கிளப்' படம் முடியும் இடத்தில் பிக்ஸீஸின் 'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டு ஒலித்தது. பேண்ட் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள், கலைந்த பிறகு ரசிகர்கள் ஆனார்கள். 2004 ஏப்ரலில் மினியாபொலிஸ் நகரின் ஒரு சின்ன அரங்கில் நால்வரும் மறுபடி மேடை ஏறினார்கள். அடுத்து கோச்செல்லா இசை விழா, அப்புறம் உலகச் சுற்றுப்பயணம்.

2013-ல் கிம் டீல் விலகினார். பேண்ட் இன்றும் ஓடுகிறது, புது ஆல்பங்களும் வருகின்றன. ஆனால் அவர் இல்லாத பிக்ஸீஸ் எனக்குப் பாதி பிக்ஸீஸ்தான். இல்லை என்பவர்கள் 'டேம்' பாட்டை ஹெட்ஃபோனில், பேஸை மட்டும் கவனித்துக் கேட்டுவிட்டு கமெண்ட்டில் சண்டைக்கு வாருங்கள்!