கணவாய் திறக்கும் வேலை

அவையோருக்கு வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய நண்பர், "நம் ஊரில் அறிவியல் ஆர்வத்துக்கு இவர் ஒரு வினையூக்கி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்புக்கு நன்றி. ஆனால் வேதியியல் வாத்தியாரிடம் அந்த வார்த்தையைக் கொடுத்தால் அவர் லேசில் விடமாட்டார். இன்றைக்கு அதைப் பற்றியே பேசிவிடலாம் என்று இருக்கிறேன்.

செய்தித்தாளைப் பிரித்தால் எங்கும் வினையூக்கிகள்தான். வட்டிக் குறைப்பு பங்குச் சந்தைக்கு வினையூக்கி. ஒரு நடைபயணம் கட்சிக்கு வினையூக்கி. பயிற்சி முகாமுக்குப் போனால், "மாற்றத்தின் வினையூக்கியாக இருங்கள்" என்று பிள்ளைகளுக்குக் கட்டளையே போடுகிறார்கள். இதில் பாதி இடங்களில் அவர்கள் நினைப்பது தீக்குச்சியை. தீக்குச்சி பற்றவைக்கும், தானும் கரியாகும், அதோடு அதன் வேலை முடிந்தது. மீதி இடங்களில் நினைப்பது, பின்னால் நின்று தள்ளுகிற ஆளை. வினையூக்கி இந்த இரண்டில் எதுவும் இல்லை.

மேசையில் இருக்கிற டம்ளரைப் பாருங்கள். இது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ மருந்துக்கடையில் கொடுப்பார்களே, அதுதான். இது தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியக்கூடியது. ஆனால் ரொம்ப மெதுவாக. இப்போது பார்த்தால் சும்மா இருக்கிற தண்ணீர் போலத்தான் தெரிகிறது. இதில் ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கைப் போடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குச் சத்தமே கேட்கும். நுரை கிளம்பி டம்ளர் விளிம்புக்கு வருகிறது. ஊதுபத்தியின் கனலை நுரைக்குள் காட்டினால் பளிச்சென்று எரிகிறது, வெளிவருவது ஆக்சிஜன். அதே துண்டை எடுத்துக் கழுவி அடுத்த டம்ளரில் போடுகிறேன். இங்கேயும் நுரைக்கிறது. இந்த மூன்றாவது டம்ளரில் போடுவது வேகவைத்த துண்டு. ஒன்றும் இல்லை.

கிழங்கில் கேட்டலேஸ் என்று ஒரு நொதி, அதாவது உயிர்கள் தாமே செய்துகொள்கிற வினையூக்கி, இருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துவிடும். வேகவைத்தால் அந்தப் புரதத்தின் வடிவம் குலைந்துவிடுகிறது. பொருள் அங்கேயேதான் இருக்கிறது, வேலைதான் நடப்பதில்லை. நம் ரத்தத்திலும் இதே நொதி உண்டு. புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பது அதனால்தான்.

சரி, அது செய்வது என்ன? தள்ளவில்லை. சூடேற்றவும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கேரளத்துக்குப் போக மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. நீலகிரி வழியாக ஏறி இறங்கியும் போகலாம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் ரயில் ஏறாமலே போய்விடுகிறது. புறப்பட்ட ஊரின் உயரமும் மாறவில்லை, போய்ச் சேரும் ஊரின் உயரமும் மாறவில்லை. நடுவில் ஏற வேண்டிய உயரம்தான் குறைந்தது. அந்த ஏற்றத்துக்குப் பாடப்புத்தகத்தில் கிளர்வு ஆற்றல் என்று பெயர். வினையூக்கி தாழ்வான வேறொரு பாதையைத் திறக்கிறது. அவ்வளவுதான்.

கணவாய் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிருந்து ரயில் அந்தப் பக்கம் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்திலிருந்து நுழைந்து பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. வினையூக்கியும் அப்படித்தான். முன்னோக்கிய வினையை எத்தனை மடங்கு வேகப்படுத்துகிறதோ, பின்னோக்கியதையும் அத்தனை மடங்கு வேகப்படுத்தும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலைக்குச் சமநிலை என்று பெயர். அது எங்கே வரும் என்பதை வினையூக்கி மாற்றாது. எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதைத்தான் மாற்றும். நடக்கவே முடியாததை எந்த வினையூக்கியாலும் நடத்திவைக்க முடியாது.

இந்த விதியோடு மல்லுக்கட்டிய கதை ஒன்று இருக்கிறது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். பயிருக்கு அது வேண்டும், ஆனால் காற்றில் இருக்கிற வடிவத்தில் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. ஹைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆனால் வெப்பம் வெளிவரும்; அதாவது மலைக்கு அந்தப் பக்கம் இறக்கம்தான். ஆனாலும் இரண்டையும் ஒரு கலத்தில் அடைத்து வைத்தால் நம் ஆயுசுக்குள் ஒன்றும் நடக்காது. சூடாக்கினால் வேகம் வரும். ஆனால் சூடு ஏற ஏற, உண்டான அம்மோனியா மறுபடி பிரிந்துபோவதும் அதிகமாகும். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போகிற கதை.

1909-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபரும் அவருடைய உதவியாளர் ராபர்ட் லெ ரொசிக்னோலும் ஆஸ்மியம் என்கிற உலோகத்தை வினையூக்கியாக வைத்து, உயர் அழுத்தத்தில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைக் காட்டினார்கள். பார்க்க வந்தது பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனம். ஆஸ்மியமோ உலகத்திலேயே மிக அரிதான உலோகங்களில் ஒன்று. அதை நம்பி ஊருக்கெல்லாம் உரம் செய்ய முடியாது. மலிவான மாற்றைத் தேடும் வேலை ஆல்வின் மிட்டாஷ் என்பவருக்கு வந்தது. எனக்கு ஹேபரைவிட இந்த மனிதர்மேல்தான் மதிப்பு அதிகம். எது வேலை செய்யும் என்று சொல்ல அப்போது கோட்பாடே கிடையாது. கையில் கிடைத்த உலோகம், ஆக்சைடு, கலவை எல்லாவற்றையும் சின்னச் சின்ன உலைகளில் வைத்துப் பார்த்தார். சுமார் 2,500 பொருள்கள், 6,500 சோதனைகள்.

சிக்கியது எது தெரியுமா? ஸ்வீடனிலிருந்து வந்த ஓர் இரும்புத் தாது. தூய இரும்பு சுமாராகத்தான் வேலை செய்தது. இந்தத் தாது மட்டும் பிரமாதமாகச் செய்தது. அதிலிருந்த "அழுக்கு"தான் காரணம். அலுமினா இரும்புத் துகள்களைச் சூட்டில் ஒட்டிக்கொள்ளாமல் காத்தது. பொட்டாசியம் அந்த மேற்பரப்பின் திறனைக் கூட்டியது. மிட்டாஷ் அதைப் புரிந்துகொண்டு, வேண்டிய அளவில் அவற்றைத் தாமே கலந்தார். கார்ல் போஷ் பொறியியல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையில் யூரியா மூட்டை வெளிவருவதற்கு முன்னால் நடப்பதும் அடிப்படையில் இதே வினைதான். ஆனால் இரும்பின் மேற்பரப்பில் அணு அணுவாக என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு நோபல் பரிசு வந்தது 2007-இல். ஆலை முதலில் ஓடியது, விளக்கம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதே அம்மோனியாவிலிருந்து முதல் உலகப் போருக்கு வெடிமருந்தும் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதை திறந்தால் யார் எதை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கணவாய் கேட்பதில்லை.

இன்னொரு தப்பான நினைப்பு, வினையூக்கி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது என்பது. "தான் மாறாமல் பிறரை மாற்றும்" என்று மேடையில் கம்பீரமாகச் சொல்வார்கள். கடைசிக் கணக்கில் அது சரி. ஆனால் நடுவில் அது மாறுகிறது. வினைபடுபொருளோடு பிணைப்பு உண்டாக்குகிறது, பிறகு விடுகிறது. பிடியே இல்லையென்றால் வேலை நடக்காது. பிடி மிக இறுக்கமாக இருந்தால் பொருள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அடுத்ததற்கு இடம் இருக்காது. நடுத்தரமான பிடி வேண்டும் என்ற இந்தக் கருத்துக்கு பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே பெயரை வைத்திருக்கிறார்கள். 1912-இல் நோபல் பரிசு வாங்கியவர். நிக்கல் பொடியை வைத்து ஹைட்ரஜனேற்றம் செய்து காட்டியவர்.

அவருடைய நிக்கல் நம் வீட்டு அடுப்படிவரை வந்தது. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி உறைய வைத்ததுதான் வனஸ்பதி. எண்ணெய் மூலக்கூறு நிக்கல்மேல் உட்காரும், பாதி ஹைட்ரஜன் ஏறும், சில சமயம் முழுதாக ஏறுவதற்குள் திரும்பி எழுந்துவிடும். எழும்போது அதன் இரட்டைப் பிணைப்பு திருகிக்கொண்டிருக்கும். இன்று இதயத்துக்கு ஆகாது என்று நாம் பயப்படுகிற டிரான்ஸ் கொழுப்பு அதுதான். இருவழிப் பாதை என்று சொன்னேனே, அதன் விலை இது. 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதன் உச்சவரம்பு 2 சதவீதம்.

வினையூக்கிக்கு நஞ்சும் உண்டு. கார் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய மாற்றி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கெடுதல் குறைந்தவையாக மாற்றுவது அதன் வேலை. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அந்தப் பூச்சின்மேல் படிந்து வேலையைக் கெடுத்துவிடும். அதனால் 1995-இல் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு மாற்றி கட்டாயமானபோது, ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. மாற்றியைக் காப்பாற்றப்போய், நம் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த நஞ்சும் குறைந்தது. இப்படிப்பட்ட பக்க லாபம் எப்போதாவதுதான் கிடைக்கும்.

இனி மனிதர்கள் பக்கம் வருகிறேன். அதற்கு முன் பிளஸ் டூ ஆய்வகத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலம், கொஞ்சம் கந்தக அமிலம், சூடாக்கி வைத்திருப்போம். பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விட்டால் முதல் சொட்டின் நிறம் போகவே போகாது. குடுவையைச் சுழற்றிச் சுழற்றிக் கை வலிக்கும். தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்போம். அப்புறம் அந்த நிறம் மறையும். அடுத்த சொட்டு கொஞ்சம் சீக்கிரம் மறையும். அதற்கடுத்தது விழுந்தவுடனே. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. விளைபொருளே வேலைக்காரனாகவும் ஆகிவிடுகிறது. இதற்குத் தன்வினையூக்கம் என்று பெயர்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். மாவட்டத்தின் மக்கள்தொகையே அப்போது சுமார் பதின்மூன்று லட்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்தப் பெண்களுக்கு ஆசை இல்லாமல் இருந்ததா? உடம்பில் வலு இல்லையா? பகல் முழுக்கக் கல் சுமக்கிறவர்களுக்கு வலுவைப் பற்றி யார் பாடம் எடுப்பது? பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும், வீட்டு ஆண்பிள்ளை வந்து ஏற்றிப் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் அவர்களுக்கு என்ன பிடித்தமா? போகவேண்டிய இடம் இருந்தது, போகிற மனசும் இருந்தது. நடுவில் நின்றது, "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?" என்ற பேச்சும், பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததும். இயக்கம் அந்த மேட்டைத்தான் குறைத்தது. ஆயிரம் பேர் சேர்ந்து ஓட்டும்போது தனி ஒருத்தியைக் கேலி பேசுவது கஷ்டம்.

சைக்கிள் கற்றுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்: கேரியரைப் பிடிக்காவிட்டால் விழுவாள்; பிடித்துக்கொண்டே ஓடினால் கற்கவே மாட்டாள். சபாட்டியே நிக்கலில் கண்டுபிடித்தது இதைத்தான். அப்படிக் கற்ற ஒருத்தி அடுத்தவளுக்குக் கற்றுக் கொடுத்தாள்; அவள் தன் தெருவில் இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்தாள். முதல் சொட்டுக்குத்தான் நேரமாயிற்று. ஆட்சியரா, தொண்டர்களா, சைக்கிளா, யார் அங்கே வினையூக்கி என்று என்னைக் கேட்டால், கொஞ்ச நாளில் அந்தப் பெண்களேதான் என்பேன். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனபோது அவர்கள் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் குறுக்குக் கம்பி இருப்பதால் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம், அதனால் இதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு.