ஒட்டுக்கட்டில் என்ன நடக்கிறது? செல்லிலிருந்து மாந்தோப்பு வரை

[காட்சி: நாற்றுப்பண்ணை. கத்தி, கன்று, கைகள் மட்டும்.]

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர். மாங்கன்றுக்குப் பேர் போன ஊர். ஒட்டுக்கட்டுகிறவரின் கையைக் கவனியுங்கள். கொட்டை போட்டு வளர்த்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, தண்டில் ஒரு பிளவு போடுகிறார். பெங்களூரா ரக மாமரத்துக் குச்சியின் அடியை இருபுறமும் சீவி அதில் செருகுகிறார். பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்.

குச்சி மெல்லிசாக இருந்தால் நடுவில் வைக்க மாட்டார். ஓரமாகத் தள்ளி, பட்டையோடு பட்டை சேரும்படி வைப்பார். ஏன்?

[காட்சி: தண்டின் குறுக்குவெட்டு, பெரிதாக்கி.]

உயிருள்ள எதை எடுத்தாலும் அடிப்படை அலகு செல். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து வைத்த பெயர் இது. ஒரே வேலையைச் செய்யும் செல்கள் கூடினால் திசு.

பட்டைக்குக் கீழே கேம்பியம் என்று மெல்லிய திசு ஒன்று இருக்கிறது. அதன் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். உட்பக்கம் சைலத்தை உண்டாக்கும், வெளிப்பக்கம் புளோயத்தை. சைலம் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும், புளோயம் இலை செய்த சர்க்கரையைக் கொண்டுபோகும். இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு: சைலக் குழாய்கள் செத்துப்போன செல்களால் ஆனவை. செத்து, உள்ளே காலியான பிறகுதான் அவற்றின் வழியாகத் தண்ணீர் ஓடுகிறது!

சரி, ஒட்டுக்கு வருவோம். இரண்டு கேம்பியமும் தொட்டால், வெட்டுப்பட்ட இடத்துச் செல்கள் பெருகி இடைவெளியை நிரப்பும். அப்புறம் அதற்குள்ளேயே புதுச் சைலமும் புளோயமும் உருவாகி இரண்டு பக்கத்தையும் இணைக்கும். தொடவில்லை என்றால் குச்சி காய்ந்துவிடும். குச்சியை ஓரமாக வைப்பது இதற்காகத்தான்.

திசுக்கள் சேர்ந்து வேர், தண்டு, இலை, பூ என்று உறுப்புகள். அவை சேர்ந்து வேர் மண்டலம், தண்டு மண்டலம். எல்லாம் சேர்ந்து ஒரு மரம். ஒட்டுக்குக் கீழே கொட்டைக்கன்றின் டிஎன்ஏ, மேலே பெங்களூராவின் டிஎன்ஏ. கடைசிவரை இரண்டும் கலப்பதில்லை. காய்ப்பது பெங்களூராதான்.

[காட்சி: பூத்திருக்கும் தோப்பு.]

மரத்தோடு முடியவில்லை. தோப்பில் உள்ள மாமரங்கள் ஓர் இனக்கூட்டம். ஈ, தேனீ, தத்துப்பூச்சி, பூஞ்சை எல்லாம் சேர்ந்தால் சமுதாயம். மண், மழை, வெயிலையும் சேர்த்தால் சூழல் மண்டலம்.

தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான நீரைக் கழிக்கிறது. அது வழிந்த இலையில் கரும்பூஞ்சை படர்ந்து வெயிலை மறைக்கிறது. இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகத்துக்கு ஒளி போதாமல் சர்க்கரை உற்பத்தி குறைகிறது. தோப்பு மட்டத்தில் வந்த தொல்லை இப்படிச் செல்லுக்குள் போய் இறங்குகிறது.

பூச்சி வந்துவிட்டதே என்று பூ விரிந்திருக்கும்போது மருந்து அடித்தால் ஈயும் தேனீயும் சேர்ந்து சாகும். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் அவைதான். அதனால் தோப்பு வைத்திருப்பவர்கள், பூங்கொத்து தலைகாட்டும்போதே தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, பூ விரியும் முன்பே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.